முதல் வரியில் முருகன் துணை

ஞானசம்பந்தத்தை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. அவரைப் பற்றி நல்லவிதமாகப் பேச ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். பனியன் வேலைக்குக் கம்ப்யூட்டரைப் பழக்கியவர், மூளைக்காரர், அமைதியானவர் என்பார்கள். மூளைக்காரர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அமைதியானவர் என்பதுதான் பச்சைப் பொய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மனுஷியின் வேலை தப்பியிருக்கும். அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு அவள் சோற்றில் மண்ணைப் போட்டவரை அமைதியானவர் என்று சொன்னால் என் வயிறு எரியாதா?

நான் சாரதாமணி. அவர் இருந்த அதே திருப்பூர் பனியன் கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜாக இருந்தேன். தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் போட்டு வரும் துணியைப் பாலிபேக்கில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி, கண்டெய்னர் ஏற்றுகிற வரைக்கும் என் பொறுப்பு. என் வாய் கொஞ்சம் நீளம் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் வாய் நீளமாக இல்லாதவள் பேக்கிங்கில் குப்பை கொட்ட முடியாது.

ஞானசம்பந்தம் சோமனூர்க்காரர். தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவர். அப்பா பவர்லூம் ஓட்டினார், அம்மா தறிக்கு நூல் தார் சுற்றினார். வீட்டில் படித்தது அவர் ஒருவர்தான். கோயமுத்தூரில் கணக்குப் படித்து, அதற்கு மேல் கம்ப்யூட்டர் டிப்ளமோவும் வாங்கி, ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் எழுதிய புரோகிராம் ஒன்று ஏதோ தாறுமாறாகப் போய், ஆபீஸ் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் வேலையும் போய்விட்டது. இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அவர் ஊரிலிருந்து எங்கள் கம்பெனிக்குத் தைக்க வந்த பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். அன்று முதல் 'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வந்தால் அது எப்போதும் அடுத்தவருடைய தப்பாகத்தான் இருக்கும்.

எங்கள் கம்பெனிக்கு அவர் வந்தது தொண்ணூற்று நாலில். முதலாளி சாமியப்பன் அவருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ரூம் ஒன்று கட்டிக் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாங்கள் முதலாளி ரூமுக்கே செருப்போடு போய் வந்தவர்கள். தையல்காரர் யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், அவர் வெளியே வந்த பிறகு ஞானசம்பந்தம் ஒரு பனியன் துணித் துண்டை எடுத்துக் கைப்பிடியைத் துடைப்பார். நூல் தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாதாம். தறிக் குடோனில் பிறந்தவருக்குத் தூசி ஆகவில்லை! பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் எழுதிய புரோகிராமுக்கு 'ரூல் புரோகிராம்' என்று பெயர். அது என்னவென்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கட்டளை. ஒருத்தருக்கு லேபிள் இடது பக்கம், ஒருத்தருக்குப் பாலிபேக்கில் ஓட்டை, ஒருத்தருக்குக் கறுப்புத் துணியோடு வெள்ளைத் துணி சேர்ந்து வரக் கூடாது. அதுவரை இதெல்லாம் எங்கள் தலைக்குள் இருந்தது. இனிமேல் ஒவ்வொரு செக்ஷனும் தன் ரூல்களை எழுதிக் கொடுக்க வேண்டும், அவை கம்ப்யூட்டருக்குள் போகும், ஆர்டர் விவரத்தைத் தட்டினால் எந்தெந்த ரூல் அதற்குப் பொருந்துமோ அதையெல்லாம் கம்ப்யூட்டரே பொறுக்கி ஒரு ஸ்லிப்பில் அடித்துக் கொடுக்கும். அந்த ஸ்லிப் துணிக்கட்டோடு கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரைக்கும் கூடவே வரும். அதில் இருப்பதைச் செய்ய வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்து, ஒரு தாளில் ஒரு ரூல் எழுத வேண்டும், மேல் வரியில் அந்த ரூலின் பெயர், அதன் கீழே விஷயம் என்று பாதி இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சந்தேகம் கேட்கலாமா என்று ஒருவர் வாயெடுத்தார். அதற்குள் கண்ணாடிக் கதவு சாத்தியாகிவிட்டது.

எங்கள் ஊரில் எழுத்து வேலை எதையும் யாராவது சாமி பெயர் இல்லாமல் ஆரம்பிப்பார்களா? நான் புதுத் தாளை எடுத்தேன், மேலே 'முருகன் துணை' என்று எழுதினேன், கீழே என் முதல் ரூலை எழுதினேன். இரண்டாம் தாளிலிருந்து 'பாலிபேக்', 'ஸ்டிக்கர்' என்று பெயர் போட்டேன். கட்டிங்கிலும் ஸ்டிச்சிங்கிலும் அப்படித்தான் செய்தார்கள். செக்கிங்கில் அப்படித்தான் செய்தார்கள். எங்களில் முக்கால்வாசிப் பேர் சிவன்மலை முருகனைக் கும்பிடுகிற குடும்பம். டையிங்கில் பசீர் அகமது பாய் தன் முதல் தாளில் 786 போட்டார். அயர்ன் செக்ஷனில் இருந்த பாயும் 786தான் போட்டார். சொல்லி வைத்துச் செய்ததல்ல, கை தானாக எழுதும். எது முக்கியமோ அதைத்தானே மனிதர் முதல் தாளில் எழுதுவார்கள்? ஆக ஒவ்வொரு செக்ஷனின் தலையாய ரூலுக்கும் மேல் வரியில் சாமி உட்கார்ந்திருந்தார்.

தாள்களைக் கம்ப்யூட்டரில் அடித்தவள் முனவர் பேகம். ஞானசம்பந்தத்துக்குக் கீழே டைப் அடிக்கிற பெண், பயந்த சுபாவம். மேல் வரியில் இருப்பதைப் பெயர் என்று அடி, யோசிக்காதே என்று அவளுக்கு உத்தரவு. அவள் அடித்துக்கொண்டே போயிருக்கிறாள். மூன்றாவது தடவை முருகன் துணை வந்ததும் மனசு கேட்காமல், இப்படி ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். யோசிக்கிறதுக்கு நான் இருக்கேன், நீ அடிக்கறதுக்கு இருக்கே என்று சொன்னாராம், தலையைக்கூடத் தூக்காமல். அதன் பிறகு அவள் ஏன் வாயைத் திறக்கப் போகிறாள்? அடித்து முடித்த தாள்களெல்லாம் கட்டிங் வேஸ்ட்டோடு போய்விட்டன.

இப்போது குழந்தையம்மாள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செக்கிங் சூப்பர்வைசர். பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எங்களுடையது பெரும்பாலும் குழந்தைத் துணி ஆர்டர். குழந்தைத் துணிக்கு ஊசிதான் எமன். தைக்கும்போது ஊசி உடைந்தால் அதன் முனை துணிக்குள் தங்கிவிடும். அதனால்தான் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் கொண்டுவந்து காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். அப்படியும் தப்பிப் போவதைப் பிடிக்க ஊசி மிஷின் என்று ஒன்று உண்டு. ஓடுகிற பெல்ட்டில் துணியைப் போட்டால், இரும்பு இருந்தால் கத்தும். அந்த மிஷின் அக்காவின் பொறுப்பில் இருந்தது. கைக்குழந்தைக்குப் போடுகிற ஒரு ஜப்லாகூட அதில் ஏறாமல் என் டேபிளுக்கு வந்ததில்லை. நான் அவசரப்படுத்தினால் என்னையே திட்டுவார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனது என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் கை பட்ட பெட்டியை நான் திறந்து பார்த்ததில்லை.

ஸ்லிப் வர ஆரம்பித்த பிறகும் அக்கா குழந்தைத் துணியையெல்லாம் ஊசி மிஷினில் விட்டுக்கொண்டுதான் இருந்தார். ஸ்லிப்பில் அந்த வேலை வரவே இல்லை. மற்ற செக்ஷன்களிலும் சிலது வரவில்லை, அவரவர் பழக்கத்தில் செய்துகொண்டு போனார்கள், யாரும் ஸ்லிப்பைத் தடவிப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் ஒரு நாள் ஞானசம்பந்தத்தை வழியில் நிறுத்தி, குழந்தைத் துணி ஸ்லிப்பில் ஊசி வரமாட்டேன் என்கிறதே என்று கேட்டார். எந்த ஆர்டருக்கு எது வேண்டுமென்று அதற்குத் தெரியும், உங்களைவிட நன்றாகவே தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

அப்புறம் ஒரு ஷிப்மென்ட் தாமதமானது. ஊசி மிஷினில் துணி தேங்கி நின்றதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஞானசம்பந்தம் ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். இதில் ஊசி மிஷின் என்று எங்கே இருக்கிறது, இவர்களாக இழுத்துவிட்டுக்கொண்டது என்றார். முதலாளி செக்கிங்கில் எல்லோர் முன்னாலும் வந்து, ஸ்லிப்பில் இல்லாத வேலையை இனி யாரும் செய்யக் கூடாது என்று அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்ன நினைத்தார் தெரியுமா? தான் எழுதிக் கொடுத்தது உள்ளே பத்திரமாக இருக்கிறது, இந்தந்த பையருக்கு வேண்டாமென்று கம்ப்யூட்டரே பார்த்து முடிவு செய்கிறது என்று நினைத்தார். படித்தவர்கள் சொன்னதை நம்பினார். குழந்தைத் துணி ஊசி மிஷினைத் தாண்டி நேராக என் டேபிளுக்கு வர ஆரம்பித்தது.

தொண்ணூற்றாறு ஆடியில் வெளிநாட்டிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. ஜப்லா ஒன்றின் தோள் தையலில் ஊசி முனை. குழந்தைக்குப் போடுவதற்கு முன் தாயின் விரலில் குத்தியிருக்கிறது. குழந்தைக்கு ஒன்றுமில்லை, முருகன் காப்பாற்றினார். கடையில் தொங்கிய சரக்கையெல்லாம் இறக்கித் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த நாள் காலையில் முதலாளியும் ஞானசம்பந்தமும் செக்கிங்குக்கு வந்தார்கள். நானும் அங்கே நின்றேன். அக்காவுக்கு முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"குழந்தைத் துணின்னா ஊசி மிஷின்ல உட்டே ஆகோணும்னு நான் எழுதிக் குடுத்தனுங்க. மொதத் தாளே அதுதானுங்க," என்றார்.

ஞானசம்பந்தம் கையில் ஒரு பிரிண்ட் வைத்திருந்தார். அதை முதலாளி பக்கம் நீட்டினார். "செக்கிங்ல குடுத்த ரூல் பூரா இதுல இருக்குதுங்க. இது மட்டும் இல்லை. குடுத்திருந்தா இருக்கும். இவங்க பொய் சொல்றாங்க."

அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைக்கூட உரக்கச் சொல்லவில்லை. ஆனால் செக்கிங் டேபிள்களில் இருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்டது. அக்கா தேடியெடுத்துக் காட்டத் தாள் எங்கே இருக்கிறது? அன்றைக்கே அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

திருப்பூரில் ஒரு கம்பெனி போனால் இன்னொரு கம்பெனி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். செக்கிங் வேலைக்கு அப்படிக் கிடையாது. அது நம்பிக்கை மேல் நடக்கிற வேலை. ஊசியை விட்டவள், கேட்டால் பொய் சொன்னவள் என்று பேர் வந்துவிட்டால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்காவும் ஏறி இறங்கிப் பார்த்தார். எங்கேயும் சூப்பர்வைசர் வேலை கிடைக்கவில்லை, பிசிறு வெட்டுகிற வேலைக்குக்கூட யோசித்தார்கள். அந்த பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குமே அவர்மேல் கோபம் இருந்தது, மறந்துபோய் எழுதாமல் விட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பொய் சொல்வார் என்பதை மட்டும் என் மனசு ஏற்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் புது பையர் ஒருவர் வந்தார். பெட்டி அளவு வேறு. அதற்கு ஒரு ரூல் எழுதிக்கொண்டு கண்ணாடி ரூமுக்குப் போனேன். பழக்க தோஷம், மேலே முருகன் துணை. ஞானசம்பந்தம் முதலாளியோடு வெளியே போயிருந்தார். முனவர் பேகம் வாங்கி அடித்தாள். கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது. திரையில் சிவப்பாக ஒரு வரி இங்கிலீஷில் வந்து நின்றது. என்ன கண்ணு இது என்றேன்.

"இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு ரூல் இருக்குதாமுங்க்கா. வேற பேர் குடுத்தாத்தான் எடுக்குமுங்க," என்றாள்.

வேறு பேர் கொடுத்தால் போயிற்று, இதற்கு எதற்கு இப்படிக் கத்துகிறது என்று கேட்டேன். முன்னெல்லாம் கத்தாது என்றாள். முன்னெல்லாம் என்ன செய்யும் என்றேன். அதே பெயரில் இன்னொன்று வந்தால் பழையதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளும், பழைய ரூலைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும், ஒரு சத்தமும் வராது என்றாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

எனக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். ஏற்கெனவே இருக்கிற முருகன் துணை யாருடையது, காட்டு என்றேன். காட்டினாள். என்னுடையது. பேக்கிங் தாள்களைக் கடைசியாகக் கொடுத்தவள் நான்தான். எனக்கு முன்னால் அதே இடத்தில் எது இருந்தது என்று கேட்டேன். முனவர் பேகம் அழ ஆரம்பித்துவிட்டாள். கட்டிங் முருகன் துணையை ஸ்டிச்சிங் முருகன் துணை விழுங்கியது, ஸ்டிச்சிங்கைச் செக்கிங் விழுங்கியது, செக்கிங்கை நான் விழுங்கினேன். பசீர் பாயின் 786ஐ அயர்ன் பாயின் 786 விழுங்கியிருந்தது. குழந்தையம்மாள் அக்கா எழுதிக் கொடுத்த ஊசி ரூலைத் தன் கையாலேயே அடித்ததாக அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

எப்போதிருந்து இது கத்துகிறது என்று கேட்டேன். ஃபேக்ஸ் வந்த அன்று சாயங்காலம் சார் தனியாக உட்கார்ந்து ஏதோ மாற்றினார், மறுநாளிலிருந்து கத்துகிறது என்றாள்.

ஃபேக்ஸ் வந்த அன்று சாயங்காலம். அக்காவைப் பொய்க்காரி என்று சொன்னது மறுநாள் காலை. 

அவர் வரும்வரை அந்த ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன், செருப்பைக் கழற்றாமல். வந்தவர் முதலில் என் காலைத்தான் பார்த்தார். நான் திரையைக் காட்டினேன். மறுப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓட்டையை அடைச்சுட்டேன். இனிமேல் அப்படி நடக்காது. வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்றார்.

"குழந்தையம்மாள் அக்கா வேணும்," என்றேன்.

அப்போதுதான் அவர் கொஞ்சம் பேசினார். உண்மையைச் சொன்னால் முதலாளி புரோகிராமையே தூக்கி எறிந்துவிடுவார், எல்லாம் மறுபடி அவரவர் தலைக்குள் போய்விடும், இரண்டு வருஷ உழைப்பு போய்விடும் என்றார். ஒரு தடவை ஊரே சிரித்தாயிற்று, இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் எனக்குப் பாவமாக இருந்திருக்கும். இவர்மேல் எனக்குப் பாவம் வரவில்லை. அந்த அம்மா சூப்பர்வைசர்தானே, எங்கேயாவது வேலை கிடைத்திருக்கும் என்று அடுத்ததாக ஒன்று சொன்னார் பாருங்கள். கிடைத்ததா என்று அவர் ஒரு நாளும் விசாரித்ததில்லை. அவர் கைப்பிடி துடைக்கிற துணித் துண்டை எடுத்து அவர் முகத்திலேயே வீசிவிட்டு வெளியே வந்தேன்.

முனவர் பேகத்தை இழுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.  முதலாளி தலைக்கு மேல் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்து, எல்லாம் அவன் பேரை வைத்தே நடந்திருக்கிறது பார், நாம் யாரைச் சொல்வது என்றார்.

"முருகன் மேல பழியப் போடாதீங்க ஐயா. முருகன் அந்தப் பிரிண்ட்டத் தூக்கிட்டுச் செக்கிங்குக்கு வரலீங்க," என்றேன்.

அவருக்குச் சுருக்கென்றது. என்னை வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. குழந்தையம்மாளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள், பழைய வேலையிலேயே சேரட்டும், ஆனால் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடு, கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் புது பையரே வந்திருக்கிறார், இது வெளியே தெரியக் கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பொங்கலூர் போனேன். அக்கா வாசலில் சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஊட்டுக்குள்ள வா என்று சொன்னாரே தவிர முகத்தில் ஈரமில்லை. கையெல்லாம் வயல்காட்டு வேலையில் வெடித்திருந்தது. நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். என் ரூல்தான் உங்கள் ரூலை விழுங்கியது என்பதையும் சொன்னேன். அழுவார், சந்தோஷப்படுவார், என்னைத் திட்டவாவது செய்வார் என்று பார்த்தேன். எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கமுக்கமா வந்து சேந்துக்கோணுமா? நான் போனது கமுக்கமாவா போனேன்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்க நின்னு என்னைச் சொன்னாரோ அங்கியே நின்னு சொல்லட்டும். இல்லீன்னா எனக்கு அந்த வேலை வேண்டாம். எனக்குக் காடு இருக்குது."

அவருக்கு எத்தனை காடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் அப்படியே சொன்னேன். முடியாது என்றார். ஒரு டைப் அடிக்கிற பெண் பேச்சையும் செக்கிங் பொம்பளை பேச்சையும் கேட்டு ஆபீசரைத் தலைகுனிய வைக்க முடியாது என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். வந்து பேக்கிங் டேபிளில் உட்கார்ந்தேன். தூத்துக்குடி போக வேண்டிய கண்டெய்னர் வாசலில் நின்றது. பெட்டியை ஒட்டாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். விஷயம் அதற்குள் எல்லா செக்ஷனுக்கும் பரவியிருந்தது, ஏன் என்று ஒருத்தியும் கேட்காமல் டேப்பைக் கீழே வைத்தார்கள். செக்கிங் பெண்களும் கத்திரியை வைத்தார்கள். டையிங்கிலிருந்து பசீர் பாய் வந்து என் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார், தன்னுடைய 786 எங்கே போயிற்று என்று அவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மேலிருந்து ஆள் மேல் ஆள் வந்து மிரட்டினார்கள். மேனேஜர் கத்தினார். டிரைவர் ஹார்ன் அடித்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு அந்த அம்மாவை வரச் சொல் என்றார். அவர் என்மேல் வைத்திருந்த மரியாதையெல்லாம் போய்விட்டது என்று அவர் பார்வையிலேயே தெரிந்தது. போகட்டும். பெட்டியை ஒட்டச் சொன்னேன்.

மறுநாள் அக்கா வந்தார். வெளுத்த சேலைதான், ஆனால் மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தார். பழைய டேபிளுக்குப் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. முதலாளி முன்னால் வர, ஞானசம்பந்தம் பின்னால் வந்தார். தையல் பக்கம் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஞானசம்பந்தம் தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். "கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன மிஸ்டேக் நடந்துபோச்சு. ஒரே பேர்ல ரெண்டு ரூல் வந்ததால..."

அக்கா அவரை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"கம்ப்யூட்டர் என்னைப் பொய்க்காரின்னு சொல்லலீங்க. நீங்கதான் சொன்னீங்க."

ஞானசம்பந்தம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வேறு பக்கம் பார்த்தார். தையல் பக்கத்தில் யாரோ மெயின் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும், மிஷின் சத்தம் ஒட்டுமொத்தமாக நின்றது. அந்தக் கட்டடத்தில் வேலை நேரத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

"இவங்க எழுதிக் குடுத்திருந்தாங்க," என்றார் ஞானசம்பந்தம்.  மறுபடி ஆரம்பித்தார். "எழுதிக் குடுத்திருந்தாங்க. என் புரோகிராம் அதை அழிச்சிருச்சு. அது எனக்கு முந்தின நாளே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். பொய் சொன்னது நான்."

 விளையாட்டுத்தனமான பெண்கள் இரண்டு பேர் சிரிப்பார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது, இல்லை, சிரிக்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"சரிங்க," என்றார் குழந்தையம்மாள் அக்கா. "போய் உங்க வேலையப் பாருங்க."

அவர் போனார். டேபிள்களுக்கு நடுவே ஸ்டூல்கள் வழியை அடைத்திருந்தன. எந்தப் பெண்ணும் தன் ஸ்டூலை இழுத்து வழி விடவில்லை. உடம்பை ஒருக்களித்து, ஒவ்வொரு டேபிளாகத் தாண்டி, கதவு வரைக்கும் அப்படித்தான் போனார். கண்ணாடிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அக்கா நின்ற இடத்தில் அசையாமல் நின்றார். கேட்ட பிறகு டேபிளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் அழுதார். முந்தானையைத் திணித்து வாயைப் பொத்திக்கொண்டு, தோளெல்லாம் குலுங்க, அடக்க முடியாமல் அழுதார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அந்த ஆள் முன்னால் ஒரு சொட்டு விடவில்லை.